‘நார்மல்’ என்ற சொல்லும் என் அக்காவின் ரிப்போர்ட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வாசகர், தன் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பற்றிக் கேட்டிருந்தார். “எல்லாம் நார்மல் என்று போட்டிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை” என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 33 வருஷம் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுத்து, சோதித்து, அந்தச் சொல்லை என் கையாலேயே ஆயிரக்கணக்கான தாள்களில் எழுதியவள் நான். 2017இல் ஓய்வு பெற்றேன். நான் மருத்துவர் இல்லை, ஆய்வக நுட்புநர். ஆகவே வைத்தியம் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு ஆங்கிலச் சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அக்கா கதை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. 40 கிலோவைத் தாண்டியதே இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், அவருக்கு 63 வயதிருக்கும்போது, என் ஆய்வகத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிரியேட்டினின் 0.7. நம் ஊரில் ‘உப்பு’ என்று சொல்வார்களே, “உப்பு ஏறியிருக்கா பாருங்க” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார்களே, அதில் இதுவும் ஒன்று. அதன் பிறகு 2021இல், கொரோனா சமயத்தில், ஒரு தனியார் ஆய்வகத்தில் எடுத்தார். 1.1 என்று வந்தது. பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘நார்மல்’.

அக்கா போனில் கேட்டார்: “ஏண்டி, நார்மல்தானே?” நான் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். “நார்மல்தான்க்கா” என்று சொல்லிவிட்டேன்.

அந்த மூன்று நொடிப் பதிலுக்காக நான் இன்றுவரை வருத்தப்படுகிறேன். கிரியேட்டினின் நம் தசையிலிருந்து வருகிற கழிவு. அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. தசை அதிகமுள்ள ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு 1.1 என்றால் அது ஒரு செய்தியே இல்லை. தசையே இல்லாத, 40 கிலோ எடையுள்ள 68 வயது அம்மாளுக்கு அதே 1.1 என்றால் சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது என்று பொருள் வரலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள். 2021இல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அக்காவின் 0.7க்கு 97 வருகிறது. 1.1க்கு 55தான் வருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே எழுத வேண்டும். 97 எங்கே, 55 எங்கே! கிட்டத்தட்டப் பாதி போயிருக்கிறது. ஆனால் இரண்டு தாளிலும் ஒரே சொல்தான்: நார்மல்.

என் ஆய்வகத்தில் பயன்படுத்திய முறை வேறு, அந்தத் தனியார் ஆய்வகத்தின் முறை வேறாக இருந்திருக்கலாம், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே வரும் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுடையது ஜாஃபே முறை. 1886இல் ஜெர்மனியில் ஜாஃபே என்பவர் கண்டது, இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலத்தில் காரம் சேர்த்து, அதில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரான சீரத்தை விட்டால் ஆரஞ்சு நிறமாக மாறும். எவ்வளவு ஆரஞ்சு என்பதை வைத்துத்தான் எவ்வளவு கிரியேட்டினின் என்று சொல்வோம். அந்த மஞ்சள் கறை விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாண வீட்டுக்கு அந்த விரலோடு போய், “மருதாணியா, மஞ்சளா?” என்று கேட்கப்பட்டிருக்கிறேன். சரி, முறை வேறுபாட்டால் 0.1, 0.2 மாறலாம். 0.7லிருந்து 1.1 வரை போகாது. நான் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தச் சொல் என்னைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது.

அக்கா என்ன செய்தார்? கிட்னி நார்மல் என்று தைரியமாக, முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை போட்டார். இரண்டு வருஷம். அத்தானும் தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது, தாளில்தான் எழுதியிருக்கிறதே. 2023இல் கால் வீங்கிய பிறகு எடுத்தபோது 1.9. சிறப்பு மருத்துவர் முதலில் செய்தது அந்த மாத்திரையை நிறுத்தியதுதான். இப்போது 1.5க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. வடிகட்டும் கணக்கில் 97இல் இருந்தவர் இன்று 37இல் இருக்கிறார்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தச் சொல்லை நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. அதில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நார்மல் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘நோர்மா’ என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். என் அப்பா தச்சர். அவருடைய மூலைமட்டம் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. தேக்கில் செய்தது, நம் ‘ட’ எழுத்தைப் போல இருக்கும். கதவு நிலை போடும்போது நான்கு மூலையிலும் அதை வைத்துப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் நிலையைப் பிரித்துவிடுவார். “கண்ணு ஏமாத்தும், மட்டம் ஏமாத்தாது” என்பார். அந்த மூலைமட்டத்தின் பெயரைத்தான் நான் 33 வருஷம் தாளில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், தெரியாமலேயே.

அதனால்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் ‘செங்குத்தான’ என்று பொருள். பள்ளியில் ஒளியியல் பாடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடியில் ஒளி படுகிற இடத்தில் 90 டிகிரியில் ஒரு கோடு வரைவோமே, தமிழில் செங்குத்துக்கோடு, ஆங்கிலத்தில் நார்மல். இயற்பியலில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அந்தக் காலத்தில் ‘நார்மல் ஸ்கூல்’ என்று பெயர். பிரான்சில் 1794இல் அப்படியொரு பள்ளி தொடங்கினார்கள், அந்தப் பெயர் சென்னை மாகாணம் வரைக்கும் வந்தது. எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று மட்டம் வைத்துக் காட்டுகிற பள்ளி என்று பொருள். ஆக, முதலில் அந்தச் சொல் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்பதைக் குறித்தது. ‘எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள்’ என்ற பொருள் ஆங்கிலத்திலேயே 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்திருக்கிறது. அப்புறம் மருத்துவர்கள் கையில் போய் ‘நோயில்லாத’ என்ற மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது.

இந்த மூன்றும் வேறு வேறு. இருக்க வேண்டியது ஒன்று, பலருக்கும் இருப்பது ஒன்று, நோயில்லாதது ஒன்று. ஒரே சொல்லில் மூன்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். பயந்துபோய் ஆய்வக ஜன்னல் முன்னால் நிற்கிறவர் எடுத்துக்கொள்வது மூன்றாவதைத்தான்: “ஒண்ணும் இல்லையாம்.”

ரத்தசோகையைப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல். 9.5 என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு தீப்பெட்டித் தொழிலாளி அம்மா என்னிடம் சொன்னார்: “எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒம்போது, பத்துதான் வரும் மேடம். எங்களுக்கு அதுதான் நார்மல்.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. பலருக்கும் இருப்பது என்ற பொருளில் அது நார்மல்தான். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், நாக்கு வெளுத்திருப்பதும், மத்தியானம் கண் இருட்டுவதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் உண்டு. எல்லோருக்கும் இருப்பதாலேயே அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு நான் அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போனார். சாப்பிட்டாரா என்று தெரியாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆய்வகத்தில் அந்த வரம்பை எப்படிப் போடுகிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களைக் குறைந்தது 120 பேரைச் சேர்த்துச் சோதித்து, முடிவுகளை வரிசைப்படுத்தி, மேலேயும் கீழேயும் இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை வரம்பு என்று வைப்பது முறை. வெட்டுப்பட்ட ஐந்து சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான்! ஒரு டெஸ்ட்டுக்கே நூறில் ஐந்து பேர் வெளியே நிற்கிறார்கள் என்றால், ‘மாஸ்டர் செக்கப்’ என்று 20 டெஸ்ட் எடுக்கிறவருக்கு என்ன ஆகும்? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முழு ஆரோக்கியமான நூறு பேரில் 36 பேருக்குத்தான் எல்லாமே வரம்புக்குள் வரும். மீதி 64 பேருக்கு ஏதாவது ஒன்றில் தடித்த எழுத்தில் அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறியைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் இருந்து, காலையில் முதல் ஆளாக ஜன்னலில் வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி, கல்யாணம் நிச்சயமானவர், மஞ்சள்காமாலைக்குப் பார்க்கும் பிலிருபின் 1.3 என்று வந்ததற்குக் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டார்.

அதுவும் 120 பேரைச் சோதித்து வரம்பு போடுகிற ஆய்வகம் எத்தனை? நாங்கள் போட்டதில்லை. வேதிப்பொருள் வரும் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். பொடி எழுத்தில் வரம்பு அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எழுதுவோம். எந்த நாட்டில், எந்த வயதில், எவ்வளவு எடையுள்ளவர்களை அளந்தார்கள் என்பது அந்தத் தாளில் பல நேரம் இருப்பதில்லை. பெட்டியை வாங்கும் கம்பெனி மாறினால் எங்கள் ஊர் மக்களின் ‘நார்மலும்’ அன்றோடு மாறிவிடும்.

மூலைமட்டம் ஏமாற்றாது என்று அப்பா சொன்னது மரத்துக்குப் பொருந்தும். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் மட்டத்தை நடுநடுவே நகர்த்தி வைக்கிறார்கள், அதற்கு நானே சாட்சி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 140ஐத் தாண்டினால்தான் நீரிழிவு. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது. அன்று எங்கள் மருத்துவமனையில் பழைய எண்ணோடு அச்சடித்த படிவம் கட்டுக்கட்டாக இருந்தது. வீணாக்க முடியாது என்று நாங்கள் நீலப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதிக் கொடுத்தோம், பல மாதம். முந்தைய மாதம் 130 என்று வந்தபோது சிரித்துக்கொண்டு போனவர், இந்த மாதம் அதே 130க்கு மாத்திரைச் சீட்டோடு போனார். 2003இல் அதே சங்கம், நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதை 110லிருந்து 100க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நின்றுவிட்டது. ஆகவே 105 என்று வருகிறவர் ஒரு கணக்கில் எச்சரிக்கைக்கு உரியவர், இன்னொரு கணக்கில் நார்மல். ரத்த அழுத்தமும் அப்படித்தான். 2017இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90இலிருந்து 130/80க்குக் கொண்டுவந்தன. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சி வளரும்போது எண் மாறத்தான் செய்யும், மாற வேண்டும். மனிதர்கள் பேசி முடிவுசெய்த எல்லை இது என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ‘நார்மல்’ என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

காய்ச்சல் இல்லாத உடம்புச் சூட்டுக்கு 98.4, 98.6 என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்த 98.6 ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வந்தது. சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதியவர். 1992இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான ஆட்களை அளந்து பார்த்தபோது சராசரி 98.2தான் வந்தது. காலையில் குறையும், சாயங்காலம் கூடும், வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்கும். அந்த ஒற்றை எண்ணை நம்பி, 99 என்றதும் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நோயாளிக் கட்டிலுக்கு மேலே தொங்குகிற பாட்டிலில்கூட இந்தச் சொல் இருக்கிறது: நார்மல் சலைன். ஜனங்கள் எந்தப் பாட்டில் ஏறினாலும் ‘குளுக்கோஸ் ஏத்துறாங்க’ என்பார்கள். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதுதான் நார்மல் சலைன். வேதியியலில் ‘ஒரு நார்மல் கரைசல்’ என்றால் லிட்டருக்கு 58 கிராமுக்கு மேல் சாப்பாட்டு உப்பு இருக்க வேண்டும். ஆகவே வேதியியல் கணக்கில் அது நார்மல் இல்லை. நம் ரத்தத்தில் சோடியம், லிட்டருக்கு மில்லிமோல் என்ற அளவில், 135 முதல் 145, அந்தப் பாட்டிலில் 154. குளோரைடு நமக்கு நூறை ஒட்டி இருக்கும், அதில் அதுவும் 154. ஆகவே உடம்புக் கணக்கிலும் அது அச்சாக நார்மல் இல்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொண்டு தேர்வில் தப்பாக எழுதுவதை வருஷா வருஷம் பார்த்தேன்.

பிரசவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குக் குழந்தை கால் பக்கமாக இருந்ததால் அறுவை செய்துதான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது “நார்மலா, ஆபரேஷனா?” என்றுதான். ‘ஆபரேஷன்’ என்றதும் உச் கொட்டினார்கள். படுத்திருந்த என் மகள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தேவையில்லாத சிசேரியன் குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நூறில் 45 தாய்மாரை ‘நார்மல் இல்லாதவர்கள்’ என்ற வரிசையில் நிறுத்துகிற சொல்லை வைத்துக்கொண்டா அதைப் பேச வேண்டும்? ‘பிறப்புவழிப் பிரசவம்’, ‘அறுவைப் பிரசவம்’ என்று எழுதினால் போதுமே. பள்ளிகளில் ‘நார்மல் பிள்ளைகள்’ என்று ஒரு பக்கமும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்று ஒரு பக்கமும் பிரித்துச் சொல்கிறார்களே, அதைக் கேட்கும்போதும் எனக்கு இதே வருத்தம்தான். ‘ஊனமுற்றோர்’ என்பதை ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றிக்கொள்ள நமக்கு மனம் வந்தது. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல்லை மாற்ற மட்டும் மறந்துவிட்டோம்.

டீக்கடையில் “சர்க்கரை நார்மலா, கம்மியா?” என்று கேட்கிறார்கள். “நார்மலா எத்தனை மணிக்கு வருவீங்க?” என்கிறோம். இதிலெல்லாம் எனக்கு ஒரு புகாரும் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை, பேச்சு ஓடுகிறது. உடம்பைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும்தான் கேட்கிறேன்.

என் துறையில் உள்ளவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். 1969லேயே பின்லாந்தைச் சேர்ந்த கிரெஸ்பெக், சாரிஸ் என்ற இரண்டு பேர், ‘நார்மல் அளவு’ என்று சொல்வதில் உள்ள குழப்பத்தைச் சுட்டிக்காட்டி, ‘ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு’ என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். இப்போது தரச்சான்று பெற்ற ஆய்வகங்களின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். வரம்பு இருக்கும் பத்தியின் தலைப்பில் நார்மல் என்று இருக்காது. ‘ஒப்பீட்டு வரம்பு’ என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். இன்னாரோடு ஒப்பிட்டால் நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் அது சொல்கிறது. ஆங்கிலத் தாளில் மாறிவிட்டது. வாய்ப்பேச்சிலும், சின்ன ஆய்வகங்களின் ரிப்போர்ட்டிலும், தமிழ்ப் பத்திரிகையிலும்தான் பழைய சொல் விடாமல் நிற்கிறது.

சிலர் நார்மலுக்குப் பதில் ‘இயல்பு’ என்று எழுதுகிறார்கள். இயல்பு எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதை அப்படியே நார்மலின் இடத்தில் உட்காரவைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. தமிழில் இயல்பு என்றால் ஒருவருக்கே உரியது. “அவர் இயல்பு அப்படி” என்போம், “எனக்கு இயல்பாகவே காரம் ஆகாது” என்போம். ஊரைக் கூட்டி வைத்துச் சராசரி போட்டு வருவது இயல்பு ஆகாது. அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த 0.6-1.2 ஊருடைய வரம்பு. 0.7தான் அக்காவின் இயல்பு. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்துக்கு அந்த ஒரே சொல்லில் முடியாது, நமக்கு முடியும். 2021இல் “வரம்புக்குள்தான் இருக்கு, ஆனா உன் இயல்பைவிடக் கூடியிருக்குக்கா” என்று நான் சொல்லியிருந்தால், அக்கா அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் மருத்துவப் பக்கத்தில் பரிசோதனை முடிவுகளைப் பற்றி எழுதும்போது நார்மல் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எண்ணை எழுதுங்கள். ‘ஒப்பீட்டு வரம்புக்குள் இருக்கிறது’ அல்லது ‘வெளியே இருக்கிறது’ என்று எழுதுங்கள். முந்தைய ரிப்போர்ட்டில் எவ்வளவு இருந்தது என்று வாசகரைக் கேளுங்கள். நோய் இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்கிற இடத்தில் ‘நோய் இல்லை’ என்றே எழுதுங்கள். பலருக்கும் இருப்பதைச் சொல்லும் இடத்தில் ‘பரவலாக’ என்று எழுதுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் தேதி வாரியாக வைக்கச் சொல்லி ஒரு பெட்டிச்செய்தி போட்டாலும் நல்லது. மளிகைக் கணக்கு நோட்டைப் பத்திரமாக வைக்கிற நம் வீடுகளில், ரிப்போர்ட்டை மட்டும் டாக்டரிடம் காட்டியதும் கிழித்துப் போட்டுவிடுகிறோம்.

அக்கா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, கிரியேட்டினின், சர்க்கரை, பிரஷர் என்று நான்கு பத்தி. அத்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆய்வகத்தில் “நார்மல்தான்மா” என்று சொன்னால் அக்கா நகர்வதில்லை, “எவ்வளவுன்னு சொல்லுப்பா” என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் வருகிறார்.

2016, 2021, 2023 ஆண்டுகளின் மூன்று ரிப்போர்ட்டுகளின் நகலை அக்காவின் சம்மதத்தோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர், ஆய்வகத்தின் பெயர் இரண்டையும் மை பூசி மறைத்திருக்கிறேன். வாசகர்களுக்குக் காட்ட உதவும் என்றால் அச்சிடுங்கள். எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
விருதுநகர் மாவட்டம்.